பழைய 2500கே-யை ஓவர்கிளாக் செய்யலாமா? சித்திரை மத்தியானத்தைத் தாங்கினால் செய்யலாம்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். ஐ5-2500கே ப்ராசசர், பி67 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், எல்லாம் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஒரு மணி நேர வீடியோவை ரெண்டர் போட்டா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. வோல்டேஜை 1.45-க்கு ஏத்து, 4.8 கிகாஹெர்ட்ஸ் அசால்ட்டா போகும்னு ஃப்ரெண்டு சொல்றான். புது மெஷின் வாங்க இப்ப வசதி இல்ல. போர்டு எரியாம செய்ய முடியுமா?"

முடியும் தம்பி, ஓவர்கிளாக் (ப்ராசசரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யலாம். ஆனால் 4.8 வேண்டாம். 4.2-இல் நிறுத்துங்கள். அதையும் மார்கழிக் குளிரில் ஓடியதை நம்பி வைக்காதீர்கள். சித்திரை மத்தியானம் ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே ஓடுகிறதா என்று பார்த்து வையுங்கள். நம்ம டெல்டாவில் நான் பார்த்த கெட்டுப்போன ஓவர்கிளாக் மெஷின்களில் முக்கால்வாசியில் ப்ராசசர் நன்றாகவே இருந்தது. செத்தது அதற்குக் கரண்ட் கொடுத்த பகுதிதான். அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் பயாஸைப் (வேகம், வோல்டேஜ் எல்லாம் வைக்கிற போர்டின் அமைப்புத் திரை) பற்றி இருக்காது.

முதலில் உங்கள் நண்பர் சொன்ன எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2500கே 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் சில்லு. 4 கோர், அடிப்படை வேகம் 3.3, தானாக ஏறும் டர்போவில் ஒற்றைக் கோருக்கு 3.7 வரை போகும். ஆனால் ரெண்டரில் நான்கு கோரும் சேர்ந்து உழைக்கும்போது 3.4-இல்தான் நிற்கும். ப்ராசசர் தின்கிற மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 3.4-இல் 1.20 வோல்ட் என்று வையுங்கள். 4.2-க்கு 1.28 வோல்ட் கொடுத்தால் வேகம் 23 சதவீதம் கூடுகிறது, மின்சாரம் 40 சதவீதம் கூடுகிறது. 4.8-க்கு 1.45 கொடுத்தால் வேகம் 41 சதவீதம் கூடுகிறது, மின்சாரமோ இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. 60 நிமிட ரெண்டர் 4.2-இல் நல்லபடி போனால் 49 நிமிடத்தில் முடியும், 4.8-இல் 43 நிமிடத்தில் முடியும். அந்த மிச்ச 6 நிமிடத்துக்காக 95 வாட்டுக்குச் செய்த பொருளில் கிட்டத்தட்ட 200 வாட்டை இறக்கச் சொல்கிறார் உங்கள் நண்பர். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் அது.

இன்டெல் தாளில் 1.52 வோல்ட் வரை போட்டிருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது வோல்டேஜ் கேட்கும் அட்டவணையின் கடைசி எண். அந்த அளவில் வருடக்கணக்கில் ஓட்டலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த 32 நானோமீட்டர் சில்லில் தினசரி வேலைக்கு 1.35-ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் உடனே புகை வராது. சூடும் வோல்டேஜும் சேர்ந்து உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். போன வருடம் 1.40-இல் ஓடியது இந்த வருடம் 1.43 கேட்கும், அப்புறம் 1.46 கேட்கும். ஒரு நாள் என்ன கொடுத்தாலும் போதாது.

செகண்ட் ஹேண்ட் என்றீர்கள். அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் அதை என்ன பாடு படுத்தினார் என்று உங்களுக்குத் தெரியாது. பயாஸில் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, ஓவர்கிளாக் எதுவும் இல்லாமல், ப்ராசசரை முழு உழைப்பில் வைத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அதிலேயே ஹேங் ஆனாலோ பிழை காட்டினாலோ அத்தோடு இந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள். நோஞ்சான் மாட்டைப் பந்தயத்துக்கு ஓட்டக்கூடாது.

பி67 போர்டு என்பதால் இன்னொரு சோதனையும் உண்டு. 2011 ஜனவரி 31-ஆம் தேதி இன்டெல் இந்த வரிசை போர்டுகளின் துணைச் சில்லான சிப்செட்டில் ஒரு குறையை ஒத்துக்கொண்டு விற்பனையை நிறுத்தியது. டிஸ்க் செருகும் சாட்டா போர்ட்டுகளில் 6 ஜிகாபிட் போர்ட்டுகள் இரண்டுக்கும் குறை இல்லை. 3 ஜிகாபிட் போர்ட்டுகள் நான்கும் நாள்பட மெலியலாம் என்பதுதான் பிரச்சினை. பிறகு திருத்தி வந்தது பி3 என்ற பதிப்பு. சிபியு-இசட் மென்பொருளில் மெயின்போர்டு பக்கம் போனால் சவுத்பிரிட்ஜ் என்ற வரியில் பதிப்பு தெரியும். பி2 என்றிருந்தால் போர்டைத் தூக்கிப்போட வேண்டாம். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டையும் 6 ஜிகாபிட் போர்ட்டுகளில் மட்டும் செருகுங்கள். இதற்கும் ஓவர்கிளாக்குக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் கல்யாண ஃபுட்டேஜ் அந்த டிஸ்கில்தானே கிடக்கிறது?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்61 போர்டு வைத்திருந்தால் 2500கே போட்டிருந்தாலும் பெருக்கியை (100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்கை எத்தனை மடங்காக்குவது என்ற எண்; 42 என்றால் 4.2 கிகாஹெர்ட்ஸ்) ஏற்ற முடியாது. பி67, இசட்68, இசட்77 போன்றவற்றில்தான் முடியும். பெயரில் 'கே' இல்லாத சாதா 2500 என்றாலும் டர்போவுக்கு மேல் நான்கு படிதான். அடிப்படைக் கிளாக்கை 100-இலிருந்து ஏற்றிச் சமாளிக்கலாம் என்று பழைய கோர் 2 காலத்து ஆட்கள் நினைப்பார்கள். இந்தத் தலைமுறையில் பிசிஐ, சாட்டா, யுஎஸ்பி எல்லாம் அந்த ஒரே கிளாக்கில் கட்டப்பட்டிருக்கின்றன. 103-ஐத் தாண்டினாலே டிஸ்க் தடுமாறும். 100-இலேயே விட்டுவிடுங்கள்.

இனி கேபினட்டைத் திறங்கள். பக்கத்து மூடியை மட்டும் கழற்றி ஊதிவிட்டு மூடுவது போதாது. அறுவடை முடிந்து வைக்கோல் கட்டுகிற மாதங்களில் நம்ம ஊர் வீடுகளில் சுணை எப்படிப் பறக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் பட்டால் அரிக்கும் அதே சுணைதான் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க் இடுக்குகளில் கம்பளி மாதிரிப் படிந்து காற்றை அடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது சேறாகி, தை மாதம் காய்ந்து, ஓடு மாதிரி இறுகிவிடும். ப்ளோயர் போடும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றினால் அதுவே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குத் திருப்பி அனுப்பும். எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை மெஷினுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் பெட்டி) ஃபேன் வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். குளவிக்கூடு கட்டியிருந்த எஸ்எம்பிஎஸ்கள் மூன்றையாவது பார்த்திருப்பேன். ஒன்றில் பல்லி, இரண்டு முனைக்கு நடுவே காய்ந்து கருவாடாகிக் கிடந்தது. திறந்து எடுக்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட் கிட்ட நிற்கும்.

அடுத்து ப்ராசசரின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்த அதன் மேல் வைத்திருக்கும் பேஸ்ட். பத்து வருடத்துக்கு மேலான பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி உதிரும். பழையதை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, புதியதை ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்து, ஹீட் சிங்கை நேராக அழுத்துங்கள். வெள்ளை பேஸ்ட் பாக்கெட்டை வாங்கி வெண்ணெய் தடவுவது போலத் தடவாதீர்கள். உங்கள் சில்லில் ஒரு நல்ல விஷயம் உண்டு: உள்ளே சில்லுக்கும் மேல் மூடிக்கும் நடுவே ஈயப்பற்று வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம், 2012-இல் வந்த 3570கே-யில் அங்கே பேஸ்ட்தான். அதனால் அது அதே வேலைக்கு இதைவிடச் சூடாகும்.

பெட்டியோடு வந்த இன்டெல் கூலரில் 4.2 ஓட்டலாமா என்றால், ஊட்டியில் ஓட்டலாம். இங்கே டவர் கூலர் வேண்டும். ஹைப்பர் 212 மாதிரி ஒன்று போதும். 1155 சாக்கெட்டின் நான்கு ஓட்டைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. 1156, 1150, 1151, 1200 சாக்கெட்டுகளுக்கும் அதே அளவுதான் என்பதால் புதுக் கடையிலும் கிடைக்கும். வாங்கும் முன் கேபினட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அந்தக் கூலரின் உயரம் கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர். நம்ம கடைகளில் விற்கும் ஒல்லிக் கேபினட்டில் மூடி மூடாது. மூடாமல் திறந்து வைத்தால் பல்லி வந்துவிடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இன்டெல்லின் பழைய வட்டக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதும். அந்தக் காற்று ப்ராசசரைச் சுற்றியுள்ள வி.ஆர்.எம். பகுதியையும் தொட்டுப் போகும். 12 வோல்ட்டை ப்ராசசருக்கு வேண்டிய ஒன்றேகால் வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிற இடம் அதுதான். டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் ஊதுவதால் ப்ராசசர் குளிர்ந்துவிடும், வி.ஆர்.எம். வேகும். மென்பொருளில் ப்ராசசர் 65 டிகிரி என்று அழகாகக் காட்டும். போர்டு மட்டும் ஓரமாக வெந்துகொண்டிருக்கும். ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேனை வாங்கி, அந்த இடத்தைப் பார்த்து ஊதுகிற மாதிரி கேபிள் டையால் கட்டிவிடுங்கள். இந்தப் பதிலில் குறைந்த செலவில் நிறைய பயன் தருகிற வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வி.ஆர்.எம். மேல் அலுமினிய ஹீட் சிங்க் இல்லாத போர்டு என்றால் 4.0-ஐத் தாண்டாதீர்கள். கெபாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக, பிளாஸ்டிக் உறை இல்லாமல் பளபளவென்று இருந்தால் சாலிட் வகை, நல்லது. தலையில் கீறல் போட்ட திரவ வகையாக இருந்து, தலை கொஞ்சம் உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு. அந்த வகைக்கு ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழக்கமாகப் போடும் கணக்கு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் உப்புக்காற்றுக்காக இணைப்புப் பின்களையும் பாருங்கள்; பச்சை பூத்த பின் ஓவர்கிளாக்கில் முதலில் கருகும். போர்டில் ப்ராசசருக்கான மின் இணைப்பு 8 பின்னாக இருந்தால் எட்டையும் செருகுங்கள். நான்கு போதும் என்று பாதி செருகி ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. கூடுதல் ஆம்பியர் எல்லாம் அந்த நான்கு பின்னில் போகும்.

இப்போது நம்ம ஊர்க் கரண்டுக்கு வருவோம். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும் குறுவைக்குப் பம்புசெட்டு ஓடத்தான் செய்யும். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக இழுத்தால் வீட்டில் 230 வோல்ட் 180-க்கு இறங்கும். எஸ்எம்பிஎஸ் அதற்காகக் குறைவான வேலை செய்யாது. அதே வாட்டைக் கொடுக்க 28 சதவீதம் கூடுதல் ஆம்பியரை இழுக்கும், சூடாகும். இதைவிட மோசமானது அதன் சேமிப்பு. கரண்ட் ஒரு கண் சிமிட்டும் நேரம் போய் வந்தால் மெஷின் அணையாமல் இருப்பது அந்த உள் கெபாசிட்டரில் நிற்கும் மின்சாரத்தால். சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் 180 வோல்ட்டில் அந்தச் சேமிப்பு 230-இல் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு. ஓவர்கிளாக் செய்த ப்ராசசர் அந்தக் குறைந்த சேமிப்பையும் வேகமாகக் குடித்துவிடும். "ஓவர்கிளாக் செஞ்சதிலேருந்து சாயங்காலம் ஆனா ரீஸ்டார்ட் ஆகுது" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பயாஸ் எண்ணை அல்ல, வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை மோட்டார் என்பதைத்தான்.

450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய, கையில் தூக்கினால் காற்றாடி மாதிரி இருக்கும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை இதற்கு நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் அதிலிருந்துதான் தின்கின்றன. லோடில் மல்டிமீட்டர் வைத்தால் 11.4-க்குக் கீழே போகக்கூடாது. அதற்கு முன்பே, 11.6-க்கு வந்தாலே எனக்குத் தூக்கம் வராது.

வீட்டில் 600 விஏ யூபிஎஸ் இருந்தால் அது உண்மையில் தரக்கூடியது சுமார் 360 வாட்தான். பழைய பேட்டரியில் அதுவும் வராது. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கிப் போட்டால் சில மலிவு யூபிஎஸ்கள் தரும் கட்டம் கட்டமான அலையோடு அது ஒத்துப்போகாமல் மாறும் நொடியில் அணைந்துவிடும். ஆகவே எல்லாம் முடிந்த பிறகு, முக்கியமான ஃபைல் எதுவும் திறக்காமல், பிரைம்95 ஓடும்போதே சுவிட்சை அணைத்து யூபிஎஸ் தாங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறதா? எர்த் சரியில்லை. கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி கோடையில் காய்ந்துபோகும். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அப்படியும் அடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதைச் சரி செய்யாமல் கேபினட்டுக்குள் கை வைக்க வேண்டாம்.

இவ்வளவும் ஆன பிறகு பயாஸ் வேலை பத்து நிமிடம்தான். இப்போதிருக்கும் எண்களை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடிப்படைக் கிளாக் 100. ரேமை அதன் சொந்த வேகத்தில், 1.5 வோல்ட்டில் விடுங்கள். ப்ராசசரையும் ரேமையும் ஒரே நாளில் ஏற்றினால் எது தடுமாறுகிறது என்று தெரியாது. 1.65 வோல்ட் கேட்கும் ரேமை இந்தச் சில்லோடு சேர்க்காமலிருப்பது நல்லது. டர்போ பெருக்கியை நான்கு கோருக்கும் 38 என்று வையுங்கள். வோல்டேஜை மட்டும் ஆட்டோவில் விடாதீர்கள், பல போர்டுகள் பயந்துபோய் வேண்டியதைவிட நிறையக் கொடுக்கும். மேனுவலில் 1.25 கொடுத்து ஆரம்பியுங்கள். 38 ஓடினால் 40, பிறகு 42. ஒவ்வொரு படியிலும் பிரைம்95 கால் மணி நேரம். 42-இல் தடுமாறினால் 0.01 வோல்ட்டாக ஏற்றுங்கள். பெரும்பாலான 2500கே-க்கள் 1.30-க்குள் 42-ஐ ஏற்றுக்கொள்ளும். 1.32 வரை கொடுத்தும் ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் சில்லின் ராசி அவ்வளவுதான், 41 அல்லது 40-க்குத் திரும்புங்கள். மீசையில் மண் ஒட்டாது.

லோடு ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். அதைத் தாங்கிப் பிடிக்க லோடு-லைன் கேலிபரேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை நடுவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் லோடு சட்டென்று இறங்கும் கணத்தில் வோல்டேஜ் குதிக்கும். மதகைப் படாரென்று சாத்தினால் தண்ணீர் கரைமேல் ஏறி அடிக்குமே, அந்த மாதிரி. அந்தக் குதிப்பை எந்த மென்பொருளும் காட்டாது. ஸ்பீட்ஸ்டெப், சி1இ போன்ற மின்சேமிப்புகளை அணைக்கச் சொல்லும் பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். அவை இருந்தால் சும்மா இருக்கும் நேரத்தில் ப்ராசசர் வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி ஆறும். இன்டர்னல் பிஎல்எல் ஓவர்வோல்டேஜ் என்று ஒன்று தெரியும், 4.5-க்கு மேல் போகிறவர்களுக்கானது அது. ஆன் செய்தால் ஸ்லீப்பிலிருந்து எழுந்திருக்கத் தகராறு செய்யலாம். உங்களுக்கு வேண்டாம். எண் உறுதியான பிறகு மேனுவலிலிருந்து ஆஃப்செட் முறைக்கு மாற்றிவிட்டால் ஓய்வில் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும்.

லோடில் சூடு சரியாக இருந்தும் வேகம் 42-இலிருந்து தானாக 36, 37-க்கு இறங்கினால் போர்டு 95 வாட் வரம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டர்போ பவர் லிமிட்டை 130-க்கு ஏற்றுங்கள். அந்த வரம்பை முழுதாக எடுத்துவிட வேண்டாம். அது உங்கள் வி.ஆர்.எம்.முக்கு ஒரு காவல்.

இனி என் சொந்தக் கதை. 2013 மார்கழியில் கும்பகோணத்தில் என் கடை மெஷினையே, இதே 2500கே, 4.6-க்கு ஏற்றினேன். அதிகாலை பஜனை சத்தம் கேட்க, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்க டெஸ்ட் ஓட்டினேன். 71 டிகிரி, ஒரு பிழை இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். சித்திரையில் ஒரு வாடிக்கையாளரின் கல்யாண வீடியோவை அதில் ரெண்டர் போட்டேன். மெஷின் ஹேங் ஆகவில்லை, ப்ளூ ஸ்கிரீன் வரவில்லை. வீடியோ நல்லபடி முடிந்தது. டிவிடி கொடுத்து பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள்: தாலி கட்டும் இடத்தில் நாலு விநாடி பச்சைக் கட்டம் கட்டமாக ஓடுகிறது. நல்லவேளை, கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, ஓவர்கிளாக் தோற்றால் மெஷின் அணையும் என்று நினைப்பது நம்முடைய ஆசை. அது சத்தமில்லாமல் தப்பாகவும் கணக்குப் போடும்.

காரணம் எளிது. கூலரால் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை 24 டிகிரியில் ப்ராசசர் 71 என்றால், அறை 38 ஆகும்போது அது குறைந்தது 85. சூடான சிலிக்கானில் கசிவு கூடும் என்பதால் நிஜத்தில் ஒன்றிரண்டு கூடுதலாகவே வரும். குளிரில் 1.30 வோல்ட்டில் ஓடிய வேகம் சூட்டில் 1.32 கேட்கும், நாமோ 1.30-தான் கொடுத்து வைத்திருப்போம்.

ஆகவே இறுதிச் சோதனையை மத்தியானம் இரண்டு மணிக்கு வையுங்கள். சீலிங் ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, முதலில் பிரைம்95-இல் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனை ஒரு மணி நேரம். அதுதான் அதிகச் சூடு கொடுக்கும். பிறகு பிளெண்ட் நாலு மணி நேரம், ரேமும் சேர்ந்து உழைக்க. விண்டோஸ் 7 என்றால் சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குக் கட்டளைகள் ஓடாது, சோதனை பாதிதான். கோர் டெம்ப் என்ற மென்பொருள் காட்டும் சூடு 75-க்குள் நிற்க வேண்டும். இந்தச் சில்லின் எல்லை 98, அங்கே போனால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இணையத்தில் 72.6 என்று ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படுவீர்கள். அது மூடியின் மேற்புறத்தில் அளக்கும் சூடு, மென்பொருள் காட்டும் கோர் சூடு இல்லை. நீங்கள் இதை ஐப்பசி மழையில் செய்கிறீர்கள் என்றால் அறைச்சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்து, 38-க்கு எத்தனை குறைகிறதோ அத்தனையைக் கோர் சூட்டில் கூட்டிக்கொள்ளுங்கள்.

சோதனை ஓடும்போது வி.ஆர்.எம். ஹீட் சிங்கில் விரலை வையுங்கள். மூன்று விநாடிகூட வைக்க முடியவில்லை என்றால் காற்று போதவில்லை, ஒரு படி இறங்குங்கள். ப்ளூ ஸ்கிரீனில் 124 அல்லது 101 என்று முடியும் எண் வந்தால் இந்தத் தலைமுறையில் பெரும்பாலும் வோல்டேஜ் பற்றவில்லை என்று பொருள். எதுவுமே வராவிட்டாலும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து 'வியா லாகர்' (WHEA-Logger) என்று ஏதாவது எச்சரிக்கை பதிவாகியிருக்கிறதா பாருங்கள். என் பச்சைக் கட்டத்துக்கு முன் அங்கே பதினேழு பதிவுகள் இருந்தன, நான்தான் பார்க்கவில்லை. கடைசியாக, பழைய கல்யாணப் ப்ராஜெக்ட் ஒன்றை எடுத்து இரண்டு முறை முழுதாக ரெண்டர் போட்டு, இரண்டையும் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அலுப்பான வேலைதான். கல்யாணம் மறுபடி நடக்காது.

மெஷின் பயாஸுக்கே வராமல் போனால் பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மாட்டினால் டிஃபால்ட்டுக்கு வந்துவிடும். அந்த சிஆர்2032 பேட்டரியும் பழசாகியிருக்கும், புதிதாகவே போட்டுவிடுங்கள். பேட்டரி தீர்ந்து, அமைப்புகள் மறந்துபோய், "ஓவர்கிளாக் நிக்க மாட்டேங்குது" என்று தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று கேட்டால் கோபிக்காதீர்கள்: 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருக்கிறதா, இரண்டாக இருக்கிறதா? ஒன்றாக இருந்தால் இன்னொரு 8 வாங்கி, ஒரே நிற ஸ்லாட்டுகளில் ஜோடியாகப் போடுங்கள். புராஜெக்ட் ஃபைல்கள் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் ஒரு எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். டைம்லைனில் இழுக்கும்போது வரும் தடுமாற்றம் இவை இரண்டாலும் போகும் அளவுக்கு 4.2-ஆல் போகாது. அதே சாக்கெட்டில் 2600 அல்லது 2600கே செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் அதையும் யோசியுங்கள். 4 கோர்தான், ஆனால் 8 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலையைக் கையில் எடுக்கும். ரெண்டரில் அதன் பலன் நன்றாகத் தெரியும், வோல்டேஜைத் தொடவே வேண்டியதில்லை.

அப்புறம், வைகாசி முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் இப்போது இதில் இறங்காதீர்கள். கேபினட்டைச் சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி, அந்த 80 மில்லிமீட்டர் ஃபேனைக் கட்டி, டிஃபால்ட்டிலேயே ஓட்டி ஆர்டர்களை முடித்துக் கொடுங்கள். ஆனி கடைசியில் வேலை ஓயும், ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அப்போதும் இங்கே மத்தியானத்தில் வெயிலுக்குக் குறைவிருக்காது. முடித்த பிறகு பெருக்கி, வோல்டேஜ், தேதி, அன்றைய அறைச்சூடு நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி கேபினட் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து இதை வாங்கப்போகிறவர் உங்களை மாதிரி என்னிடம் வந்து கேட்க வேண்டியிருக்காது.